பாய் டிவி ஞானஜோதி திருத்தி வாசித்த பட்டியல்

சிரிக்கக் கூடாத இடத்தில்தான் ஞானஜோதி சிரிக்க வைக்கத் தொடங்கினார்.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்குள் சிரிப்புக்கு அனுமதி கிடையாது. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் மருந்து உரசும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை எல்லோரும் மதித்தார்கள். அந்த அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை ஒருவரும் மதிக்கவில்லை. தீபாவளி சீசனில் அந்தச் சின்ன அறைக்குள் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிரித்த பெண்ணை வெளியே அனுப்பப் போர்மேன் இருந்தார். பன்னிரண்டு பேரை உள்ளே அடைத்தவரைக் கேட்க யாரும் இல்லை.

ஞானஜோதியை மூன்று முறை வெளியே அனுப்பினார்கள். மூன்றாவது முறை, சரவெடி பின்னுகிற செட்டுக்கே மாற்றிவிட்டார்கள். அங்கே நாற்பது பெண்கள். விரல்கள் தம்பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும், காதுகள் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்காக அவர் பேச ஆரம்பித்தார். போர்மேன் நடக்கிற நடை, சம்பள நாளில் கணக்குப்பிள்ளையின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்குகிற விதம், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பெண்ணின் விரலில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்தை நகப்பூச்சு என்று நினைத்த கதை. அவர் பேசுகிற நாளில் கட்டுகள் கூடுதலாகவே விழுந்தன. அதனால் போர்மேனும் கேட்காதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல்தான் இன்று, 2009இல், மதுரையின் பண்பலை வானொலி ஒன்றில் தினமும் காலையில் ஒலிக்கிறது. விருதுநகரிலிருந்து சாத்தூர் வரைக்கும் ஆலைப் பேருந்துகளில் டிரைவர்கள் அதைச் சத்தமாக வைக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பட்டாசுத் தொழிலாளி மைக் முன்னால் போய் உட்கார்ந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிர்ஷ்டத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

ஞானஜோதி சிவகாசிக்குப் பக்கத்து விஸ்வநத்தத்தில் பிறந்தவர். அப்பா ராஜசிங் காலையில் தேவாலயத்தில் மணியடிப்பார், மற்ற நேரம் அச்சகம் ஒன்றில் காலண்டர் தாள் அடுக்குவார். அம்மா பட்டாசு வேலைக்குப் போய் மூச்சிளைப்பு வாங்கியவர். அம்மாவால் எழ முடியாத நாட்களில் பதின்மூன்று வயது ஞானஜோதி அம்மாவின் பெயருக்குப் போனார்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பொழுது விடியும்போதே ஆலைப் பேருந்து ஊருக்கு வந்துவிடும். ஆலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டு நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்கு ஒரு குரல் "இருக்கேன்" என்றால் போதும், அது யாருடைய குரல் என்று அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சீசனில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் வராவிட்டால் செட்டில் இடம் போய்விடும். ஆகவே, முடியாமல் படுத்திருக்கிற பெண்ணின் இடத்தை அவள் மகளோ தங்கையோ நாத்தனாரோ போய்க் காப்பாற்றுவாள். "பேருக்குப் போறது" என்பார்கள். ஆலைக்கு ஆள் கிடைத்தது, வீட்டுக்கு இடம் நிலைத்தது. யாருக்கும் உறுத்தாத வழக்கம்.

2001 ஆயுத பூஜைக்கு ஆலையில் பந்தல் போட்டார்கள். சிறப்பு விருந்தினர், ஆலைகளைச் சோதனை போட வருகிற அதிகாரி. பொரிகடலை கொடுத்து முடித்ததும் போர்மேனே ஞானஜோதியை மைக் முன்னால் தள்ளிவிட்டார். ஐந்து நிமிடம் எதையாவது பேசிவிட்டு இறங்குவார் என்று நினைத்திருப்பார். ஞானஜோதி பேசியது சோதனை நடக்கிற நாளைப் பற்றி.

"ஐயா வாராகன்னு தெரிஞ்சதும் எங்க முப்பத்தாறு பேரையும் பின்வாசல் வழியா கருவேலங்காட்டுக்குள்ள பத்திவிட்ருவாக. ஐயா உள்ள வந்து எண்ணிப் பாப்பாக. நாலே நாலு பேரு இம்புட்டு லோடு ஏத்துறாகளான்னு மெச்சி எழுதிட்டுப் போயிருவாக. நாங்க காட்டுக்குள்ள ஆடுககூட உக்காந்திருப்போம். அதுல ஒரு ஆடு எங்களை ஏற எறங்கப் பாத்து, 'எங்களையாச்சும் சாயங்காலம் எண்ணித்தான் பட்டியில அடைப்பாக. உங்களை எண்ணவே மாட்டாகளாத்தா'ன்னு கேட்டுச்சு."

பந்தல் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த அதிகாரியும் சிரித்துவிட்டார், எதற்குச் சிரித்தோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலை ஏஜெண்டு கூப்பிட்ட பெயர்களில் ஞானஜோதியின் பெயர் இல்லை. பக்கத்து ஆலைகளிலும் இல்லை. பாதுகாப்பைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத முதலாளிகள், ஒரு பெண்ணின் வாயைப் பற்றி ஒரே நாளில் பேசி முடித்திருந்தார்கள்.

சிவகாசியில் ஓர் இசைக் குழு இருந்தது. பொங்கல் விழாக்களில் பாடகர்கள் டீ குடிக்கப் போகிற பத்து நிமிடத்தை அவர்கள் ஞானஜோதிக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஒரு பெண் தனியாக மேடையேறி நகைச்சுவை பேசுவது கிடையாது. முதல் மேடையிலேயே கூட்டத்திலிருந்து ஒருவர், வீட்டில் சோறாக்கவில்லையா என்று கத்தினார். "ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி. நீங்கதான் சாப்பிடாம வந்துட்டீக போல, குரலே எழும்ப மாட்டேங்குது" என்றார் ஞானஜோதி. அன்றைக்குப் பத்து நிமிடம் முப்பது நிமிடமாயிற்று. பாடகர்கள் இரண்டாவது டீ குடித்தார்கள்.

மேடைச் சிரிப்பு என்றால் கறுப்பான பெண்ணையும் தெத்துப்பல்லையும் திக்குவாயையும் கேலி செய்வது என்று பழகியிருந்த கூட்டம் அது. ஞானஜோதி அவற்றைத் தொட்டதே இல்லை. அவருடைய கேலி எப்போதும் நாற்காலியில் இருப்பவரை நோக்கியே போனது. ஏஜெண்டு, ரேஷன் கடைக்காரர், வரதட்சணைப் பட்டியல் எழுதுகிற பெரியப்பா, தேர்தலுக்குத் தேர்தல் தெருவின் பெயர் ஞாபகம் வருகிற வேட்பாளர்.

வேதக்காரப் பெண்ணுக்கு அம்மன் பொங்கலில் என்ன வேலை என்று ஓர் ஊர்க் கமிட்டி கேட்டது. அம்மன் பொங்கலில் நம் பெண்ணுக்கு என்ன வேலை என்று சபையிலும் கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே கேள்வி வந்தது அவருக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான சரக்காயிற்று. கோயில் மேடையில் போதகரைப் போலவும், சபை விழாவில் கமிட்டித் தலைவரைப் போலவும் பேசிக் காட்டினார். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

2004இல் உபைதுல்லா அவரைத் தேடி வந்தார். கீழே காகிதக் கடை, மாடியில் கேபிள் டிவி நிலையம் என்று நடத்திக்கொண்டிருந்தவர். அவருடைய சேனலுக்கு ஒரு பெயர் உண்டு என்றாலும் ஊருக்கு அது "பாய் டிவி"தான். தினம் அரை மணி நேரம் நகைச்சுவை பேச வேண்டும் என்றார். எட்டு மாதம் கழித்து, ஏழு மணிக்கு ஊர்ச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகித் தேனிக்குப் போய்விட்டார். உபைதுல்லா செய்தித் தாளை ஞானஜோதியிடம் நீட்டி, சிரிக்காமல் வாசிப்பாயா அம்மா என்று கேட்டார். மருந்து அறையில் பழகியதுதான் பாய் என்றார் ஞானஜோதி.

குடிநீர் வருகிற நேரம், மின்தடை, காணாமல் போன பசுமாடு, இரங்கல். இதுதான் ஊர்ச் செய்தி. இரங்கலில் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஆண் இறந்தால் பெயர் வரும், பெண் இறந்தால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஞானஜோதி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து இறந்தவரின் பெயரைக் கேட்டு வாங்கி வாசித்தார். ஒரு வீட்டில் அம்மாவின் முழுப் பெயரைச் சொல்வதற்கு மகன் ரேஷன் கார்டைத் தேடப் போனார். ஆறு மாதத்தில் ஊர் பழகிக்கொண்டது. பிறகு பெயர் எழுதாத இரங்கல் தாள் ஒன்றுகூட மாடிக்கு வரவில்லை.

2006 செப்டம்பர் கடைசி வாரம். சீசனின் உச்சம். ஊரெங்கும் சிக்குன்குனியா காய்ச்சல் வேறு. வியாழக்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்கு நாரணாபுரத்துக்கு அப்பால் ஓர் ஆலையில் மருந்து அறை வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள் என்றார்கள். உடல்கள் அடையாளம் காணக்கூடிய நிலையில் இல்லை. சாயங்காலம் ஆலை மேலாளர், அன்றைய வருகை நோட்டைப் பார்த்து எழுதிய பட்டியலை டிவிக்குக் கொடுத்தனுப்பினார். ஏழு மணிக்கு ஞானஜோதி அதை வாசித்தார். ஆறாவது பெயர்: மாரிக்கனி, வயது இருபத்தாறு, விஸ்வநத்தம்.

அன்று பலர் விதி என்றார்கள். சிலர் தீட்டோடு வேலைக்கு வந்த எவளோ ஒருத்தியால் வந்தது என்றார்கள். சிலர் அம்மனுக்குக் கிடா வெட்டாத குறை என்றார்கள். நான்கு பேர் அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டிருந்தால் போதும், விதியின் முகவரி கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை காகிதக் கடையின் படிகளை ஒரு பெண் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். காய்ச்சலில் மணிக்கட்டும் முழங்காலும் வீங்கியிருந்தன. ஞானஜோதியைப் பார்த்து, "யக்கா, நாந்தான் மாரிக்கனி. நேத்து நீங்க வாசிச்சீகளே, அது நாந்தான்" என்றார்.

பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து தன் சாவைத் தானே கேட்டிருக்கிறார். அந்த அறையில் இருந்தது அவருடைய கணவனின் தங்கை பத்திரகாளி. பத்தொன்பது வயது. மூன்று நாளாக மதினியின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தவள். வெடித்த செய்தி வந்ததிலிருந்து மாரிக்கனியின் கணவன் கோட்டைச்சாமி ஆஸ்பத்திரிக்கும் ஆலை வாசலுக்கும் அலைந்தான். ஏழு மணிச் செய்தி முடிந்த கையோடு ஏஜெண்டு அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நோட்டில் இருக்கிற பெயரைத்தான் ஆலைக்குத் தெரியும், பத்திரகாளி என்று ஒருத்தி அங்கே வேலையே பார்க்கவில்லை என்றார். இறந்தது மாரிக்கனி என்றே இருந்தால் நிவாரணம் உண்டு, மாற்றிச் சொன்னால் ஒன்றும் கிடையாது. மாரிக்கனி கொஞ்ச காலம் பிறந்த வீட்டில் போய் இருக்கட்டும். பத்திரகாளியைப் பற்றி யாராவது கேட்டால், எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். கோட்டைச்சாமி தலையைக் குனிந்தபடி சரி என்றிருக்கிறான்.

"நான் செத்தவளாக்கூட இருந்துட்டுப் போறேன்க்கா" என்றார் மாரிக்கனி. "அந்தப் பிள்ளைய ஓடிப்போனவன்னு சொல்லச் சொல்லுதாக. அவ எங்கயும் ஓடல. என் கை வீங்கிக் கெடக்குன்னு எனக்காவப் போனா."

தெரியாத ஊர்க் கிழவிகளின் பெயரைக்கூட வீட்டைக் கூப்பிட்டுக் கேட்டு வாசித்த ஞானஜோதி, ஆலை கொடுத்த தாளை மட்டும் அப்படியே வாசித்திருந்தார். பெயருக்குப் போகிற வழக்கம் தெரியாத வெளியூர்க்காரர் செய்திருந்தால் அது தவறு. மூன்று சீசன் அம்மாவின் பெயருக்குப் போனவர் செய்ததற்கு அந்தச் சொல் போதாது. இதை அவரே பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார், சிரிப்பில்லாமல்.

அன்று பகலில் அவர் விஸ்வநத்தம் போனார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். வியாழக்கிழமை காலை பத்திரகாளி பேருந்து ஏறியதைப் பார்த்தவர்கள் ஏழு பேர். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், காயம்பட்டவர்களில் பத்திரகாளி இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். திரும்பி வந்தபோது ஏஜெண்டின் போன் காத்திருந்தது. சிரிப்புக் காட்டிப் பிழைக்கிற பொம்பளை அதோடு நின்றுகொண்டால் நல்லது என்றார் அவர்.

ஐந்து மணி வாக்கில் கோட்டைச்சாமி வந்தான். மனைவி இங்கே வந்து போனது அவனுக்குத் தெரிந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"வாசிச்சிராதீகக்கா. செத்தவ செத்துட்டா. வீட்டுல ரெண்டு பிள்ளைக இருக்கு. இருக்கிறவுகளுக்கு எதாச்சும் கெடைக்கட்டும்."

ஞானஜோதி அவனைத் திட்டவில்லை. தங்கையைப் பறிகொடுத்த ஒருவனை இப்படிக் கெஞ்ச வைத்தது யார் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒம் மகளைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறப்ப அம்மா எங்கன்னு கேப்பாக. செத்துட்டான்னு சொல்லுவியா, அவளைப் பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டு? ஒந் தங்கச்சி எங்கன்னு கேப்பாக. அதுக்கு என்ன சொல்லுவ கோட்டைச்சாமி?"

அவன் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான்.

மிச்சம் இருந்தது உபைதுல்லா. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அந்தச் சேனல் வருஷம் முழுவதும் ஓடுவதே இந்த ஒரு மாதத்துப் பட்டாசு விளம்பரத்தில்தான். விளம்பரம் நிற்கும், ஆள் அனுப்புவார்கள், அப்புறம் கரண்டுக்காரர் முதல் முனிசிபாலிட்டி வரைக்கும் எல்லோருக்கும் திடீரென்று விதிமுறைகள் ஞாபகம் வரும் என்று அவர் வாய்விட்டே எண்ணிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேர்ல போய் விசாரிச்சியாம்மா?"

"விசாரிச்சேன் பாய்."

"அப்ப வாசி. தப்பா வாசிச்சது நம்ம டிவிதான்." ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டின் தலைப்பில் போட்டு உட்கார்ந்தார். செய்தி முடியும்வரை அவரைத் தாண்டி யாரும் மேலே வர முடியாது.

ஏழு மணிக்கு ஞானஜோதி கையில் தாள் இல்லாமல் பேசினார்.

"நேற்று நான் வாசித்த பட்டியல் தவறு. விசாரிக்காமல் வாசித்தேன். விஸ்வநத்தம் மாரிக்கனி உயிரோடு இருக்கிறார். அந்த ஆலையில் இறந்தவர் பத்திரகாளி, வயது பத்தொன்பது. அவர் எங்கும் ஓடிப்போகவில்லை. உடம்பு சரியில்லாத மதினியின் பெயருக்கு வேலைக்குப் போனார். நானும் அப்படிப் போனவள்தான். உங்கள் வீட்டிலிருந்து யாராவது அந்த ஆலைக்கு இன்னொருவர் பெயருக்குப் போய்த் திரும்பி வராமல் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பயப்படாதீர்கள். பெயர் மாறியது உங்கள் குற்றம் அல்ல. ஆளைப் பார்க்காமல் நோட்டில் எழுதியவர்களின் குற்றம்."

அவர் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. மூன்று நாளில் உண்மைப் பட்டியல் தயாரானது. ஒன்பது பேரில் மூன்று பேர் அடுத்தவர் பெயருக்குப் போனவர்கள். அது தவிர, எந்த நோட்டிலும் எந்தப் பெயரிலும் இல்லாத இரண்டு பெண்கள். மொத்தம் பதினொரு பேர். அவ்விரண்டு பெண்களின் வீட்டாரும், ஊருக்குத் தெரிந்தால் மற்ற பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது என்று அதுவரை ஒப்பாரியைக்கூட அடக்கி வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு குடும்பங்களோடும் அவர் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் பேருந்தில் போனார். மனுவை வாங்கிய அலுவலர் நிமிர்ந்து பார்த்து, டிவியில் காமெடி பண்ணுகிறவர்தானே என்றார். "ஆமா சார். அதான் ஜனங்க எங்கிட்ட மறைக்காமப் பேசுறாக" என்றார் ஞானஜோதி. பின்னால் நின்ற மாரிக்கனி, தான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக, வீங்கிய கையை மேசை மேல் வைத்தார்.

உபைதுல்லா எண்ணிப் பார்த்தது எல்லாமே நடந்தது. அந்தத் தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்குக்கூட விளம்பரம் வரவில்லை. மூன்று தெருக்களில் கேபிளை அறுத்துப் போட்டார்கள். ஆபரேட்டர் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், தெருக்காரர்களே ஏணி வைத்து ஏறி ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஏழு மணிச் செய்தி ஒருநாளும் நிற்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் பின்னாளில் மதுரை வானொலிக்காரர்கள் ஞானஜோதியைக் கூப்பிட்டார்கள்.

ஏழு வாரம் கழித்து, நவம்பர் நடுவில், தாலுகா அலுவலகப் பலகையில் நிவாரணத்துக்கான திருத்திய பட்டியலை ஒட்டினார்கள். மாரிக்கனியும் கோட்டைச்சாமியும் வந்திருந்தார்கள். அந்த ஏழு வாரத்தில் கோட்டைச்சாமி ஞானஜோதியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராதவன். தாளின் மேல் விரல் வைத்து, எது தன் தங்கை என்று தெரியாமல் மேலும் கீழும் நகர்த்தினான். பிறகு திரும்பி, "வாசிங்கக்கா" என்றான்.

ஞானஜோதி அவன் விரலைப் பிடித்து ஆறாவது வரியில் வைத்தார். ஏழு மணிச் செய்திக்கு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

"பத்திரகாளி, வயது பத்தொன்பது, தகப்பனார் பெயர் சுடலை, விஸ்வநத்தம். பட்டாசுத் தொழிலாளி."

"கடைசியில என்னன்னு போட்டிருக்கு?"

"தொழிலாளி."

அவன் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபடி நின்றான். மாரிக்கனி அவன் தோளைத் தொட்டார். பக்கத்தில் இருந்த மற்றக் குடும்பத்தாரும் நெருங்கி வந்து, தங்கள் வீட்டு வரியையும் வாசிக்கச் சொன்னார்கள். ஞானஜோதி முதல் வரிக்குப் போய், பதினொரு பெயர்களையும் ஊரோடும் வயதோடும் வேலையோடும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மனு கொடுக்க வந்தவர்களும் வாசலில் நின்ற போலீஸ்காரரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.